சிப்பை மாற்றாதீர்கள், சிரிஞ்சை நிமிர்த்துங்கள்

கேள்வி: உயிர்மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ரத்தத்தில் சுற்றும் புற்றணுக்களை ஆன்டிபாடி எதுவும் லேபிளாக ஒட்டாமல், அளவை மட்டும் வைத்துப் பிரிக்கும் சுருள் சிப் ஒன்றைச் செய்திருக்கிறோம். கால்வாய் 500 மைக்ரான் அகலம், 160 மைக்ரான் உயரம், 10 செ.மீ. நீளம். மாதிரி நிமிடத்துக்கு 100 மைக்ரோலிட்டர், அதன் பக்கத்தில் ஓடும் உறை பஃபர் (செல் இல்லாத கரைசல்) 750 மைக்ரோலிட்டர். 15 மைக்ரான் பாலிஸ்டைரீன் பீடுகளை (பிளாஸ்டிக் மணிகளை) ஐந்து நிமிடம் ஓட்டினால் 96 சதவீதம் உள்வாயிலில் (சுருளின் உள்சுவர் ஓரமாக வெளியேறும் வாயிலில்) வந்துவிடுகிறது. ஆனால் 5 மி.லி. ரத்தத்தில் 100 எம்.சி.எஃப்-7 செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மார்பகப் புற்றணுக்களை) கலந்து ஓட்டினால் 38தான் திரும்பக் கிடைக்கிறது. முதல் பத்து நிமிடம் நன்றாக வரும், பிறகு குறைந்துவிடும். கூடவே 2 லட்சம் வெள்ளையணுக்கள் வருகின்றன. சிவப்பு நிறம் முழுக்கப் போகட்டும் என்று 25 நிமிடம் லைசிஸ் (சிவப்பணுக்களை வெடிக்கவைப்பது) செய்கிறோம். ஓட்டத் தொடங்கி இருபது நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. அப்போது பம்ப் வேகத்தைப் பாதியாக்கினால் வெள்ளையணு இன்னும் கூடுகிறது. கால்வாயைக் குறுக்கிப் புது சிப் செய்யச் சொல்கிறார் வழிகாட்டி. ‘லேபிள் இல்லை என்கிறீர்கள், பிறகு சாயம் எதற்கு?’ என்று ஒரு மதிப்பாய்வாளர் கேட்டிருக்கிறார். இதை ஆரம்ப நிலை நோயறிதலுக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு புற்றுநோய் மருத்துவரும் கேட்கிறார். எங்கிருந்து திருத்துவது?

பதில்: புது சிப் வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களே சிப்பின் மேல் குற்றமில்லை என்று சொல்கின்றன. செல்கள் சிப்புக்குள் நுழைவதற்கு முன்பும் வெளியே வந்த பின்பும் தொலைகின்றன.

முதலில் வெள்ளையணுக் கணக்கு. ஒரு மி.லி. ரத்தத்தில் 40 லட்சம் முதல் 1.1 கோடி வெள்ளையணுக்கள் இருக்கும். நடுவில் 70 லட்சம் என்று வைத்தால் 5 மி.லி.யில் 3.5 கோடி. அதில் 2 லட்சம்தான் சேர்ந்து வருகிறது என்றால் 99.4 சதவீதத்தை உங்கள் சிப் வெளியே தள்ளிவிட்டது. லைசிஸ் 25 நிமிடம், பாதி நேரம் தவறான வேகம், நடுவில் அடைப்பு, இவ்வளவுக்கும் இடையில் இந்த எண் வந்திருக்கிறது. மோசமான சிப்பிலிருந்து இது வராது.

கால்வாயைக் குறுக்கினால் நிலைமை கெடும். அளவுப் பிரிப்பில் எல்லாரும் வைத்துக்கொள்ளும் தோராய விதி இது: செல்லின் விட்டம் கால்வாய் உயரத்தில் 0.07 பங்கைத் தாண்டினால் அது சுவரோரம் வரிசைகட்டத் தொடங்கும், 0.1 பங்குக்கு வந்தால் இறுக்கமாக வரிசைகட்டும். 160 மைக்ரான் உயரத்துக்கு அவை முறையே 11, 16 மைக்ரான். 18 மைக்ரானுக்கு அருகில் இருக்கும் எம்.சி.எஃப்-7 உள்ளே மாட்டும், 8 முதல் 10 மைக்ரான் வெள்ளையணுக்களில் பெரும்பகுதி மாட்டாது. உயரத்தை 100 மைக்ரான் ஆக்கினால் அதே எல்லைகள் 7, 10 என்று இறங்கிவிடும். நீங்கள் தள்ள நினைக்கும் வெள்ளையணுக்களும் புற்றணுக்களோடு ஒரே வரிசையில் வந்து நிற்கும். அகலத்தை மட்டும் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதற்குக் கால்வாய்க்குள் நடக்கும் சுழற்சியைப் பார்க்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்கியதும் வெள்ளையணு ஏன் கூடியது என்பதற்கும் விடை அங்கேதான்.

ஆறு வளையும் இடத்தில் உள்கரையில் மணல் சேர்ந்து மேடாவதைப் பார்த்திருப்பீர்கள். மேல்நீர் வெளிக்கரையை நோக்கிப் போக, அடிநீர் மணலோடு உள்கரைக்குத் திரும்புகிறது. வளைந்த குழாயில் இதே குறுக்குச் சுழற்சியை டபிள்யூ.ஆர். டீன் 1927-ல் கணக்கிட்டார். உங்கள் கால்வாயில் நடு உயரத்தில் இருக்கும் திரவம் வெளிச்சுவருக்குப் போகும், மேலும் கீழும் உள்ள திரவம் உள்சுவருக்குத் திரும்பும். ரத்த மாதிரி வெளிச்சுவர் ஓரமாக நுழைகிறது. சுழற்சி எல்லா செல்களையும் முதலில் உள்சுவருக்குக் கொண்டுபோகிறது. அங்கே போனதும் பெரிய செல்களை நிலைம உந்துவிசை பிடித்து நிறுத்திவிடுகிறது. நேரான குழாயில் துகள்கள் இப்படி ஓர் இடத்தில் வரிசைகட்டும் என்று செக்ரே, சில்பர்பெர்க் இருவரும் 1961-ல் காட்டியது இந்த விசையைத்தான். சிறிய செல்கள் மேல் அந்தப் பிடி போதாது. அவை சுழற்சியோடு முழுச் சுற்று வந்து மறுபடி வெளிச்சுவருக்கே போய்ச் சேர்கின்றன. வாயில் பிரியும் இடத்தில் பெரியது உள்வாயிலுக்கு, சிறியது வெளிவாயிலுக்கு.

இந்த ஏற்பாட்டின் உயிர் அந்த ‘முழுச் சுற்று’ என்ற சொல்லில் இருக்கிறது. உங்கள் அளவுகளைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் நிமிடத்துக்கு 850 மைக்ரோலிட்டர் என்றால் சராசரி வேகம் நொடிக்கு 0.18 மீட்டர், 10 செ.மீ. கடக்க 0.56 நொடி. ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டால் ஓட்டத்தின் உந்தம் எவ்வளவு என்பது) 43, வளைவின் ஆரம் ஒரு செ.மீ. என்று கொண்டால் டீன் எண் (வளைவுச் சுழற்சியின் வலிமை) 4.7. குறுக்கு வேகத்துக்கு வழக்கமாக எடுக்கும் வாய்ப்பாடு டீன் எண்ணின் 1.63 அடுக்கை 0.00018-ஆல் பெருக்குவது, விடை நொடிக்கு மீட்டரில். அது நொடிக்கு 2.3 மி.மீ. தருகிறது. 0.56 நொடியில் செல் குறுக்கே நகரும் தூரம் 1.27 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்குத் தேவையான தூரம் அகலத்தைப் போல் இருமடங்கு கூட்டல் உயரம், அதாவது 1.16 மி.மீ. நூல் பிடித்ததுபோல் பொருந்துகிறது. இது தற்செயல் இல்லை, 2013-ல் சிங்கப்பூர் ஆய்வுக் குழு வெளியிட்ட வடிவமைப்பும் இதே அகலம், உயரம், நீளம்தான்.

இப்போது வேகத்தைப் பாதியாக்குங்கள். நேரம் இருமடங்கு ஆனாலும் டீன் எண் 2.4 ஆகிறது, குறுக்கு வேகம் 0.73 மி.மீ.யாகச் சரிகிறது, நகரும் தூரம் 0.83 மி.மீ.தான். வெள்ளையணுக்கள் முக்கால் சுற்றுகூட வராமல் நடுவழியில் நிற்கும்போது வாயில் வந்துவிடுகிறது. ஒரு பகுதி உங்கள் உள்வாயிலுக்குள் போகிறது. அகலத்தைக் குறைத்தாலும் நீளத்தை மாற்றினாலும் இந்தச் சமன்பாடு இதேபோல் குலையும். எனவே அடைப்பு வந்தால் வேகத்தைத் தொடாதீர்கள். ஓட்டத்தை நிறுத்துங்கள், அதுவரை சேர்ந்த குழாயை எடுத்துத் தனியே வையுங்கள், அடைப்பை நீக்கிவிட்டு முழு வேகத்தில் மீண்டும் தொடங்குங்கள். நின்று தொடங்கும் முதல் ஒரு நிமிடத்தை உள்வாயில் குழாயில் சேர்க்காமல் வேறு குழாயில் பிடியுங்கள். அதிலும் புற்றணு இருக்கக்கூடும், எண்ணிவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

வெப்பநிலையும் இதே கணக்கில் வருகிறது. நீரின் பாகுநிலை 20 டிகிரியில் 1.0 மில்லிபாஸ்கல்-நொடி, 4 டிகிரியில் 1.57, 30 டிகிரியில் 0.80. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பஃபரை அப்படியே பம்பில் மாட்டினால் ரெனால்ட்ஸ் எண் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதோடு, குளிர்ந்த நீரில் கரைந்திருந்த காற்று சூடாகும்போது குமிழியாக வெளியேறி வளைவில் உட்காரும். ஏசி இல்லாத அறையில் கோடைக்கால மதியம் ஓட்டினால் எதிர்த்திசைப் பிழை வரும். பஃபரை முந்தின நாளே வெளியே எடுத்துவையுங்கள், அறை வெப்பத்தை நோட்டில் எழுதுங்கள். ‘போன வாரம் வந்தது, இந்த வாரம் வரவில்லை’ என்ற புகார்களில் பல இதில் அடங்கிவிடும்.

சிப்பின் பொருளான பி.டி.எம்.எஸ். ரப்பர் வீங்குகிறதோ என்ற சந்தேகம் உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால் அதையும் தள்ளிவிடலாம். இந்த வேகத்தில் கால்வாயின் அழுத்த இழப்பு 10 கிலோபாஸ்கல் அளவுதான், உயரம் ஓரிரு மைக்ரானுக்கு மேல் மாறாது. ஆனால் வார்ப்பின் உண்மையான உயரம் 160தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அச்சில் உள்ள எஸ்யு-8 பூச்சு நடுவில் ஓர் அளவும் ஓரத்தில் வேறளவும் இருக்கும். ஒரு சிப்பைத் தியாகம் செய்து சவர பிளேடால் ஒரு மி.மீ. கனத்தில் குறுக்கே அறுத்து, அளவுகோல் ஸ்லைடோடு மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். மூன்று இடத்தில் அளந்தால் போதும்.

இனி, தொலைந்த 62 செல்கள். ‘முதல் பத்து நிமிடம் நன்றாக வரும், பிறகு குறைந்துவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் அந்த வரியில் இருக்கிறது. செல்கள் சிரிஞ்சுக்குள் படிகின்றன.

பஃபரைவிட செல்லின் அடர்த்தி லிட்டருக்கு 50, 60 கிராம்தான் அதிகம். என்றாலும் 18 மைக்ரான் செல் நொடிக்குச் சுமார் 10 மைக்ரான் வேகத்தில் இறங்கும், பத்து நிமிடத்தில் 6 மி.மீ. 10 மி.லி. சிரிஞ்சின் உள்விட்டம் 15 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. படுக்கவைத்த சிரிஞ்சில் 25 நிமிடத்தில் எல்லாப் புற்றணுக்களும் அடிச்சுவரில் ஒட்டிக்கிடக்கும். நுனித்துளை நடுவில் இருப்பதால் தெளிந்த நீர்தான் வெளியே போகும். 5 மி.லி. மாதிரியை நிமிடத்துக்கு 100 மைக்ரோலிட்டரில் ஓட்ட 50 நிமிடம் ஆகிறது. பீட் சோதனையில் இது ஏன் தெரியவில்லை? 15 மைக்ரான் பாலிஸ்டைரீன் பீட் இதில் பாதி வேகத்தில்தான் படியும், நீங்கள் ஓட்டியதும் ஐந்தே நிமிடம். படிவதற்குள் சோதனை முடிந்துவிட்டது. பீடை 50 நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அதுவும் குறையும்.

பம்பை நிமிர்த்தி, சிரிஞ்சின் நுனி கீழ்நோக்கி இருக்குமாறு கட்டுங்கள். அது மட்டும் போதாது, நுனியைச் சுற்றியுள்ள தட்டையான தோள்பகுதியில் செல்கள் போய் உட்காரும். சிறிய காந்தக் கிளறியை உள்ளே போட்டு வெளியிலிருந்து ஒரு காந்தத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல அசையுங்கள். விடாமல் சுழற்றினால் செல் அடிபடும், நுரையும் வரும். மாதிரி தீர்ந்ததும் 1 மி.லி. பஃபரைச் சிரிஞ்சுக்குள் இழுத்து, புரட்டிக் கழுவி, அதையும் சிப் வழியாகவே ஓட்டுங்கள். இரண்டாவது கழுவலிலும் செல் வந்தால் மூன்றாவது முறை கழுவ வேண்டும், வேறு வழியில்லை.

குழாயும் திருடும். உள்விட்டம் 0.5 மி.மீ., நீளம் 30 செ.மீ. குழாயின் கொள்ளளவு 59 மைக்ரோலிட்டர். அதில் செல் 35 நொடி இருக்கும், அதற்குள் 350 மைக்ரான் இறங்கிக் கிட்டத்தட்டத் தரையைத் தொடும். 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, சிரிஞ்சிலிருந்து சிப்புக்கு நேராகக் கீழே இறக்குங்கள். தொடங்குமுன் சிரிஞ்சு, குழாய், சிப் மூன்றையும் 70 சதவீத எத்தனாலால் நனைத்துக் குமிழி போக்கி, பிறகு 1 சதவீத போவைன் ஆல்புமின் (செல் சுவரில் ஒட்டாமல் தடுக்கும் புரதம்) கலந்த பஃபரை நிரப்பி அரைமணி நேரம் விடுங்கள். சேகரிக்கும் குழாயின் உட்சுவரையும் விட்டுவிடாதீர்கள்.

அடைப்புக்கு வருகிறேன். சிவப்பு முழுக்கப் போகும்வரை காத்திருப்பதுதான் பிழை. லைசிஸ் கரைசலில் உள்ள அமோனியம் குளோரைடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். அமோனியா வாயு சவ்வைக் கடந்து சிவப்பணுவுக்குள் போய் அமோனியமாக மாறுகிறது. உள்ளே சேரும் ஹைட்ராக்சைடைக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி பைகார்பனேட்டாக்க, அது வெளியேறிக் குளோரைடு உள்ளே வருகிறது. உப்பு சேரச் சேர நீர் பின்தொடர்ந்து, அணு வீங்கி வெடிக்கிறது. வெள்ளையணுவிலும் புற்றணுவிலும் இந்தப் பரிமாற்றம் மிக மந்தம். அதனால்தான் தப்பிக்கின்றன, ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். 25 நிமிடத்தில் அவையும் கசியத் தொடங்கும். வெடித்த வெள்ளையணுவின் டி.என்.ஏ. முருங்கைப் பிசின்போல் நூல்நூலாக நீண்டு, வழியில் வரும் செல்களையெல்லாம் சுற்றிக்கொண்டு நுழைவாயிலில் போய் உட்காரும். உங்கள் அடைப்பு அனேகமாக இதுதான். தொலைந்த 62-ல் ஒரு பகுதியும் அந்தப் பிசினுக்குள் இருக்கும்.

லைசிஸ் கரைசல் இது: ஒரு லிட்டர் நீரில் அமோனியம் குளோரைடு 8.29 கிராம், பொட்டாசியம் பைகார்பனேட் 1 கிராம், டைசோடியம் இ.டி.டி.ஏ. 37 மில்லிகிராம், பி.எச். 7.2 முதல் 7.4 வரை. பைகார்பனேட் கலந்த கரைசல் திறந்து மூட மூடக் கார்பன் டை ஆக்சைடை இழந்து காரமாகும், எனவே அன்றன்று பி.எச். பாருங்கள். ரத்தத்தில் ஒரு பங்குக்கு இது பத்துப் பங்கு, அறை வெப்பத்தில், குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து. கலங்கலாக இருந்தது தெளிந்த செம்பருத்திச் சாறுபோல் ஆகி, குழாய்க்குப் பின்னால் வைத்த அச்செழுத்து படிக்கத் தெரிந்தால் வேலை முடிந்தது. எட்டு நிமிடம் ஆகலாம், பத்தைத் தாண்ட விடாதீர்கள். நிறம் போகாது, ஏனென்றால் அது வெளியே வந்துவிட்ட ஹீமோகுளோபின். சென்ட்ரிஃபியூஜில் 300 ஜி-யில் ஐந்து நிமிடம் சுற்றி மேல்நீரை எடுத்தால் அதுவே போய்விடும். அடியில் இளஞ்சிவப்பு மிஞ்சினாலும் கவலை வேண்டாம். மிச்சச் சிவப்பணுக்கள் சிறியவை, வெளிவாயிலுக்குத்தான் போகும்.

பிசினைக் கரைக்க, டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் நொதியைப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். போடலாம், ஆனால் அந்த நொதிக்கு மக்னீசியம் வேண்டும். உங்கள் பஃபரில் கட்டி பிடிக்காமல் இருக்கப் போட்ட 2 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. அந்த மக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு ‘டி.என்.ஏஸ் வேலை செய்யவில்லை’ என்று மறுபாட்டில் வாங்குவது பல ஆய்வகங்களில் நடக்கிறது. நேரத்தைக் குறைத்தாலே போதும், நொதி தேவைப்படாது.

அடைப்பு எல்லாம் டி.என்.ஏ. என்று முடிவுகட்டவும் கூடாது, மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நுழைவாயிலில் கண்ணாடிபோல் இழைகள் இருந்தால் டி.என்.ஏ. கூர்மையான விளிம்போடு தனித்துண்டாக இருந்தால் துளையிடும்போது விழுந்த பி.டி.எம்.எஸ். துணுக்கு. கால்வாய் இருக்கும் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துளையிட்டு, ஒட்டுமுன் செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் இது போகும். கருஞ்சிவப்பாகச் சொரசொரவென்று இருந்தால் ரத்தக் கட்டி. ரத்தம் எடுத்தவர் ஊதாமூடிக் குழாயை உடனே எட்டுப் பத்து முறை கவிழ்க்கவில்லை என்று அர்த்தம். 40 மைக்ரான் சல்லடையில் வடிகட்டுவது நல்ல பழக்கம்தான், ஆனால் கொத்தாக வரும் புற்றணுக்கள் அதிலேயே நின்றுவிடும். கொத்துகள்தான் பரவும் திறன் கூடியவை. சல்லடையைத் தூக்கிப் போடாமல் அதையும் சாயமிட்டுப் பாருங்கள்.

ரத்தம் எடுப்பதிலும் ஒரு சொல். ஊசி தோலைத் துளைக்கும்போது மேல்தோல் செல் ஒன்றிரண்டு உள்ளே வரும், அவையும் புற்றணுக்களைப் போலவே கெராட்டின் சாயம் ஏற்கும். முதல் 3, 4 மி.லி.யை வேறு பரிசோதனைக் குழாயில் எடுத்துவிட்டு அடுத்த குழாயைத்தான் உங்களுக்கு வாங்க வேண்டும். இ.டி.டி.ஏ. குழாய் என்றால் நான்கு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கிவிடுங்கள். செல்லைப் பதப்படுத்தும் குழாய்கள் நாட்கணக்கில் தாங்கும், ஆனால் அவற்றில் செல் விறைத்துவிடும். இரண்டு வகைக் குழாயின் முடிவுகளை ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மீட்பு எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன், நீங்கள் போட்டது உண்மையில் 100தானா? பத்து லட்சம் செல் உள்ள கரைசலைத் தொடர்ந்து நீர்த்து 100 என்று கணக்கிட்டிருந்தால், தற்செயல் விலகலே பத்துக் கூடவோ குறையவோ இருக்கும், அதன்மேல் பிப்பெட் பிழை. செல்களுக்கு முன்கூட்டியே செல்டிராக்கர் பச்சைச் சாயம் ஏற்றுங்கள் (கால்சீன் சாயம் சில மணி நேரத்தில் கசிந்துவிடும்). சிறு துளியைத் தட்டையான தட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் எண்ணி, அந்தத் துளியையே ரத்தத்தில் கலந்து, தட்டைக் கழுவி ஊற்றி, தட்டில் மிஞ்சியதைக் கழியுங்கள். ஓட்டி முடித்ததும் உள்வாயிலை மட்டும் எண்ணாதீர்கள். வெளிவாயில், சிரிஞ்சின் கழுவல், குழாயின் கழுவல், லைசிஸ் மேல்நீர், சேகரிப்பின் மேல்நீர், எல்லாவற்றையும் எண்ணுங்கள். போட்ட நூற்றில் தொண்ணூற்றைந்துக்காவது இடம் தெரிய வேண்டும். எங்கே தொலைகிறது என்று தெரியாமல் எதைத் திருத்துவது? சேகரித்ததைச் சுற்றிய பிறகு மேல்நீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுவது மாணவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. 200 மைக்ரோலிட்டர் அடியில் விடுங்கள்.

எம்.சி.எஃப்-7 கொஞ்சம் தாராளமான செல் என்பதையும் மறக்க வேண்டாம். நோயாளியின் ரத்தத்தில் உள்ள புற்றணுக்களில் கணிசமானவை வளர்ப்புச் செல்களைவிடச் சிறியவை, சில வெள்ளையணுக்களின் அளவே இருக்கும். 10, 12, 15, 20 மைக்ரான் பீடுகளை ஓட்டி, எந்த அளவில் எத்தனை சதவீதம் உள்வாயிலுக்கு வருகிறது என்ற வளைகோட்டை வரையுங்கள். அந்த ஒரு படம் ‘96 சதவீதம்’ என்ற ஒற்றை எண்ணைவிட ஆய்வேட்டில் அதிகம் பேசும். 12 மைக்ரானில் உங்கள் மீட்பு பாதியாக இருந்தால் அப்படியே எழுதுங்கள்.

மதிப்பாய்வாளருக்கு விடை எளிது. லேபிள் இல்லாமல் நடப்பது பிரிப்பு மட்டும். அடையாளம் காண்பது அதற்குப் பிந்திய வேலை, அதற்குச் சாயமோ மரபணுச் சோதனையோ வேண்டும். பிரிப்பில் ஆன்டிபாடியைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு: செல்லின் மேற்பரப்பில் உள்ள எப்கேம் புரதத்தை வைத்துப் பிடித்தால், பரவும் தறுவாயில் அந்தப் புரதத்தை இழந்த செல்கள் நழுவிவிடும். ஆனால் அளவை வைத்துப் பிடித்தால் வேறு பெரிய செல்கள் வரும். மோனோசைட் என்ற வெள்ளையணு 12 முதல் 20 மைக்ரான் இருக்கும். ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து உதிர்ந்த எண்டோதீலியச் செல், எப்போதாவது ஒரு மெகாகாரியோசைட் (எலும்பு மஜ்ஜையின் பெரிய செல்), இவையும் உள்வாயிலுக்கே வரும். கடைசி இரண்டும் பெரும்பாலும் சிடி-45 (வெள்ளையணுவின் அடையாளப் புரதம்) சாயம் ஏற்காததால் ‘வெள்ளையணு இல்லை, ஆகவே புற்றணு’ என்று முடிவு கட்டினால் ஏமாந்துவிடுவீர்கள். கரு தெரிய வேண்டும், கெராட்டின் 8, 18, 19 ஏறியிருக்க வேண்டும், சிடி-45 இருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால்தான் எண்ணலாம். முதலில் உயிர்நிலையிலேயே சிடி-45, பிறகு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பத்து நிமிடம், சவ்வைத் துளைக்கும் 0.1 சதவீத டிரைட்டானில் ஐந்து நிமிடம், அதன்பின் கெராட்டின், கடைசியில் கருவுக்கு டாப்பி சாயம். டிரைட்டானை முதலில் போட்டால் சிடி-45 மங்கி, வெள்ளையணுக்கள் புற்றணு வேடம் போடும். நோயாளிகள் எத்தனை பேரோ, குறைந்தது அத்தனை ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையும், யாருடையது என்று எண்ணுபவருக்குத் தெரியாமல் ஓட்டுங்கள்.

2 லட்சம் வெள்ளையணுக்கள் இருந்தால் பரவாயில்லையா? சாயமிட்டு எண்ண மட்டும் என்றால் பரவாயில்லை. மரபணு வரிசை பார்ப்பதென்றால் பத்துப் புற்றணுவின் குரல் அந்தக் கூட்டத்தில் கேட்காது. சேகரித்ததை இரண்டாம் முறை சிப்பில் ஓட்டலாம், கூட்டம் குறையும், ஆனால் அந்தச் சுற்றிலும் சில புற்றணுக்கள் போகும். எது தேவை என்று முதலில் முடிவுசெய்துகொண்டு ஓட்டுங்கள்.

மருத்துவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: ஆரம்ப நிலை நோயைக் கண்டுபிடிக்க இது இப்போது உதவாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-ல் அனுமதித்த, புற்றணுக்களை எண்ணும் செல்சர்ச் கருவிகூட ஏற்கெனவே பரவிய மார்பகப் புற்றுநோயில் நோயின் போக்கைக் கணிக்கத்தான். 7.5 மி.லி. ரத்தத்தில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் போக்கு மோசம் என்பது அதன் எல்லைக்கோடு, பெருங்குடல் புற்றுக்கு மூன்று. ஆன்டிபாடி இல்லாமல் அளவையும் நெகிழ்வையும் வைத்துப் பிடிக்கும் பார்சார்ட்டிக்ஸ் கருவிக்கு 2022 மே மாதம் கிடைத்த அனுமதியும் பரவிய மார்பகப் புற்றுநோயாளிகளின் செல்களைச் சேகரிக்கத்தான். ஆரம்ப நிலை மார்பகப் புற்றில் ஜெர்மனியின் சக்சஸ் ஆய்வு 2,026 பேரை கீமோவுக்கு முன் பார்த்தபோது 21.5 சதவீதத்தினரிடம்தான் ஒரு செல்லாவது கிடைத்தது. புற்றுநோய் உறுதியான ஐவரில் நால்வருக்கு விடை ‘இல்லை’ என்று வரும் சோதனையை எந்த மருத்துவர் நம்பிக் கொடுப்பார்? எண்ணிக்கையும் காலை வாரும். குழாய்க்குச் சராசரி ஒரு செல் என்ற நிலையில் இருக்கும் நோயாளியிடம் எடுத்த குழாய்களில் 37 சதவீதத்தில், எந்தக் குறையும் இல்லாத கருவியிலும், பூஜ்யம்தான் வரும். ரத்தத்தை அதிகம் எடுப்பது தவிர இதற்கு மருந்தில்லை. பரவிய நோயில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று அவரோடு சேர்ந்து பாருங்கள், அது செய்யக்கூடிய வேலை.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. ரத்தக் கழிவில் ஹைப்போகுளோரைட் (பிளீச்) ஊற்றுவது எல்லா ஆய்வகத்திலும் பழக்கம். லைசிஸ் மேல்நீரில் மட்டும் அதை ஊற்றாதீர்கள், அதில் அமோனியம் இருக்கிறது, குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். அந்தக் குழாய்களைத் தனி டப்பாவில் சேர்த்து ஆட்டோகிளேவ் செய்துவிட்டுக் கொட்டுங்கள், டப்பாவின் மேல் காரணத்தையும் எழுதி ஒட்டுங்கள். இரவு வேலைக்கு வருபவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது.